பிள்ளைக்கு மூட்டுவாதம், டாக்டர் பயோலாஜிக் ஊசி சொல்கிறார்: கிள்ளான் பள்ளத்தாக்குப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பயோலாஜிக் ஊசி தொடங்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றிரவே பெற்றோர் கைப்பேசியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தேடியதும் கண்ணில் படுவது ‘புற்றுநோய்’ என்ற சொல். மறுநாள் வீட்டில் கூட்டம் கூடுகிறது. “சின்னப் பிள்ளைக்கு இவ்ளோ பெரிய மருந்தா?” என்கிறார் பாட்டி. “கொஞ்ச நாள் எண்ணெய் தேய்ச்சுப் பார்ப்போமே” என்கிறார் சித்தப்பா. ஊசி மூன்று மாதம் தள்ளிப்போகிறது. அந்த மூன்று மாதத்தில் முழங்காலின் குருத்தெலும்பு அரிபட்டால், அது அரிபட்டதுதான்.

பயமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பயப்பட வேண்டியவை உண்டு, வரிசைதான் வேறு. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் ஒரு பிள்ளைக்கு முதல் கவலை காசநோய். அடுத்தது, காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது. மூன்றாவது கண். புற்றுநோய் இவற்றுக்கெல்லாம் வெகுதூரம் பின்னால் நிற்கிறது.

படி 1: நோய் இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள்

16 வயது நிறைவதற்குள் தொடங்கி, 6 வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு வீக்கத்துக்கு இளம்பருவ மூட்டழற்சி என்று பெயர். கிளினிக்கில் ஜேஐஏ என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் மூட்டுவாதம் வேறு, பிள்ளைகளுக்கு வருவது வேறு என்று 1897-இலேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டில் எழுதிவைத்தார். ஆனாலும் “ருமாட்டிசம் கிழடுகளுக்குத்தானே வரும்?” என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

இதில் பல வகை உண்டு. முதல் ஆறு மாதத்தில் நான்கு மூட்டு வரை வீங்குவது ஒன்று. ஐந்தோ அதற்கு மேலோ வீங்குவது இன்னொன்று. தசைநார் எலும்போடு சேரும் இடத்தில், குறிப்பாகக் குதிகாலிலும் இடுப்பிலும் வலிப்பது மற்றொன்று. நம் ஆசியப் பிள்ளைகளிடம், அதிலும் பையன்களிடம், இது கணிசமாகக் காணப்படுகிறது. தினமும் ஏறி இறங்கும் காய்ச்சல், வந்து மறையும் செந்தடிப்பு, வீங்கிய நிணநீர்க் கட்டிகளோடு உடம்பு முழுவதையும் தாக்குவது ஒன்று. அதற்குத்தான் ஸ்டில் மருத்துவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. எந்த வகை என்பதைப் பொறுத்தே எந்த ஊசி என்பது முடிவாகும். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “என் பிள்ளைக்கு எந்த வகை?”

சின்னப் பிள்ளை “வலிக்குது” என்று சொல்லாது. காலையில் பாருங்கள். எழுந்ததும் நொண்டும், மாடிப்படியை உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்கும், சப்பாத்து போடும்போது காலை நீட்டிக்கொண்டு அம்மாவையே மாட்டிவிடச் சொல்லும். பத்து மணிக்கெல்லாம் ஓடியாடும். “பள்ளிக்கூடம் போகச் சோம்பல், நடிக்கிறான்” என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்தக் காலை விறைப்பு.

இரண்டு எச்சரிக்கை. ரத்தத்தில் ருமாட்டாய்ட் காரணி இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே இல்லை. இரண்டாவது இன்னும் முக்கியம்: இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, வெளிறல், எடை குறைதல் இருந்தால் ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அறிகுறி அமுங்கி, நோயைக் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

படி 2: சரியான வாசலைத் தட்டுங்கள்

எலும்பு டாக்டர், தனியார் கிளினிக், மறுபடி இன்னொரு எலும்பு டாக்டர் என்று மாதங்கள் ஓடுவது வழக்கமாகிவிட்டது. இந்த நோய்க்குப் போக வேண்டியது குழந்தைகளுக்கான ருமாட்டாலஜி நிபுணரிடம். நாட்டில் அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. கிள்ளான்காரர்கள் அரசு சுகாதாரக் கிளினிக்கிலோ தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். பெயர் பெற்ற இடம் சிலாயாங் மருத்துவமனை. 1999-இல் திறக்கப்பட்ட இந்த மருத்துவமனையில் டாக்டர் தாங் சுவீ பிங் போன்றோர் குழந்தைகள் ருமாட்டாலஜியை வளர்த்தெடுத்தார்கள். பத்துமலைக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு அங்கே போக வழி சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வருவோர் கேஎல் சென்ட்ரலில் மாறிப் பத்துமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு கிராப் எடுத்தால் போதும்.

கடிதம் கையில் வந்து, தேதி கிடைக்கும்வரை உள்ள இடைவெளிதான் ஆபத்தானது. பிரிக்பீல்ட்ஸில் உருவிவிடும் நிலையங்கள் நிறைய. பெரியவர்களின் முதுகுப் பிடிப்புக்கு அவர்கள் கை நல்ல கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீங்கிச் சூடாக இருக்கும் பிள்ளையின் மூட்டை அழுத்தி உருவக் கூடாது. ‘மூட்டு வலிக்கு மூலிகை’ என்று விற்கும் குளிகைகள் அதைவிட மோசம். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டப்பாவில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லாத எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் டப்பாவோடு காட்டுங்கள்.

படி 3: மெத்தோட்ரெக்சேட்டைத் தாண்டி வர வேண்டும்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு பயோலாஜிக் முதல் மருந்தல்ல. வலிக்கும் வீக்கத்துக்கும் இபுபுரொஃபன் அல்லது நப்ரொக்சன்; ஒன்றிரண்டு மூட்டு மட்டும் என்றால் மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி; பிறகு மெத்தோட்ரெக்சேட். சுமார் மூன்று மாதம் சரியான அளவில் கொடுத்தும் மூட்டு அடங்கவில்லை என்றால்தான் பயோலாஜிக் பேச்சு வரும். உடம்பு முழுவதையும் தாக்கும் வகை மட்டும் விதிவிலக்கு. அதற்கு இப்போது பயோலாஜிக்கை ஆரம்பத்திலேயே தொடங்குகிறார்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை. தினமும் அல்ல. தவறி தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கிழமையை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இதன் நிறம் மஞ்சள். குமட்டலுக்குப் பழகிய பிள்ளைகள் மருந்தை வாயில் வைக்கும் முன்பே, மஞ்சளாக எதையாவது பார்த்தாலே ஓங்கரிக்கத் தொடங்குவார்கள். இது அடமல்ல, மூளை கற்றுக்கொண்ட பாடம். இரவு படுக்கும் முன் கொடுப்பது, போலிக் அமிலம் சேர்ப்பது, மாத்திரையை ஊசியாக மாற்றுவது என்று வழிகள் உண்டு. டாக்டரிடம் சொல்லாமல் நீங்களாகவே நிறுத்திவிட்டு, “சாப்பிடுறான் டாக்டர்” என்று சொல்வது மட்டும் வேண்டாம். மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு கட்ட அது ஒன்றே போதும்.

படி 4: பயோலாஜிக் உடம்புக்குள் என்ன செய்கிறது

கிருமி வந்தால் நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைச் சுமக்கும் புரதங்களில் ஒன்று டிஎன்எஃப், இன்னொன்று இன்டர்லூக்கின்-6. இந்தப் பிள்ளைகளின் மூட்டில் கிருமியே இல்லாமல் செய்தி போய்க்கொண்டே இருக்கும். மூட்டின் உள்சவ்வு தடிக்கும், நீர் கோர்க்கும், நாளடைவில் குருத்தெலும்பும் அதையடுத்த எலும்பும் அரிபடும். ஸ்டீராய்டு இந்தப் பேச்சு முழுவதையும் ஒரே அடியாக அமுக்கும். அதோடு பிள்ளையின் வளர்த்தியையும் அமுக்கும், முகத்தை உப்பவைக்கும். பயோலாஜிக் ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து மறிக்கிறது.

எப்படி மறிக்கிறது? எட்டனர்செப்ட்டை எடுத்துக்கொள்வோம். டிஎன்எஃப் வேலை செய்ய வேண்டுமானால் செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பியில் போய் ஒட்ட வேண்டும். அந்த ஏற்பியின் நகலைச் செய்து, ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதற்காக மனித எதிர்ப்புப் புரதத்தின் வால் பகுதியோடு சேர்த்தால் கிடைப்பதுதான் எட்டனர்செப்ட். டிஎன்எஃப் செல்லை அடையும் முன்பே நகலில் ஒட்டிக்கொள்கிறது. அடாலிமுமாப் வேறு மாதிரி. அது டிஎன்எஃப்பை மட்டுமே அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் முழு எதிர்ப்புப் புரதம். டோசிலிசுமாப் செய்தியை விட்டுவிட்டு அது போய்ச் சேரும் இடத்தை, அதாவது இன்டர்லூக்கின்-6 ஏற்பியை, அடைத்துவிடுகிறது.

இவை ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிர்செல்களில், பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூல்பை செல்களில், உற்பத்தியாகும் பெரிய புரதங்கள். பயோலாஜிக் என்ற பெயர் அதனால் வந்தது. விழுங்கினால் நாம் சாப்பிடும் முட்டையையும் பருப்பையும் போல வயிற்றில் செரித்துப்போகும். ஊசியாகத்தான் போட வேண்டும். ‘மாத்திரையா தர மாட்டாங்களா?’ என்று ஏங்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் இப்போது உண்டு. அவை பயோலாஜிக் அல்ல, செல்லின் உட்பக்கம் வேலை செய்யும் வேறு வகை.

மருந்து பலிக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன? பெரியவர்களின் மூட்டுவாதத்தில் டிஎன்எஃப்பை மறிக்கலாம் என்று 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் காட்டியவர்கள் மார்க் ஃபெல்ட்மனும், இந்திய வம்சாவளி மருத்துவர் ரவீந்தர் மைனியும். பிள்ளைகளுக்கு 1999-இல் எட்டனர்செப்ட்டை அமெரிக்கா அனுமதித்தது. 2000-இல் வெளியான அதன் ஆய்வில் மெத்தோட்ரெக்சேட் பலிக்காத 69 பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று மாதத்தில் 51 பேருக்கு நல்ல முன்னேற்றம். அந்த 51 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வெற்று ஊசி போட்டார்கள். வெற்று ஊசி போட்ட 26 பேரில் 21 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. மருந்து தொடர்ந்த 25 பேரில் 7 பேருக்கு மட்டும்.

உடம்பு முழுவதையும் தாக்கும் வகைக்கு எட்டனர்செப்ட் அவ்வளவாக எடுபடவில்லை. அதற்கு விடிவு ஜப்பானிலிருந்து வந்தது. இன்டர்லூக்கின்-6 பற்றிய ஆய்வில் முன்னோடிகளான ஒசாகா ஆய்வாளர்கள் வழியே வந்த டோசிலிசுமாப்பை அந்த நாடு 2008-இல் பிள்ளைகளுக்கு அனுமதித்தது. 2012-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 12 வாரத்தில் காய்ச்சல் நின்று மூட்டும் தேறியவர்கள் மருந்து வாங்கியோரில் 85 சதவீதம், வெற்று மருந்து வாங்கியோரில் 24 சதவீதம்.

எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மூன்று நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேறு ஊசிக்கு மாறுவதா என்று முடிவு செய்வார்கள்.

படி 5: முதல் ஊசிக்கு முன் காசநோயைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பதானால் இதைப் படியுங்கள்.

காசநோய்க் கிருமி நுழைந்தவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றிச் செல்களை அடுக்கி உள்ளேயே முடக்கிவைத்துவிடும். அந்த அடுக்கு கலையாமல் நிற்க டிஎன்எஃப் வேண்டும். நாம் ஊசியால் மறிப்பதும் அதே டிஎன்எஃப்பைத்தான். அடுக்கு கலைந்தால் பல வருடம் தூங்கிய கிருமி எழுந்துவிடும். எழும்போது நுரையீரலோடு நிற்காமல் நிணநீர்க் கட்டி, எலும்பு, மூளை என்று பரவவும் கூடும். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் காண்கிறது. சிலாங்கூர் நெரிசலான மாநிலம். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி சின்ன வயதில் வரும் கடுமையான காசநோயைத் தடுக்க உதவும், ஆனால் முழுக் காவல் அல்ல.

எனவே நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஊசி தொடங்கக் கூடாது. பிசிஜி போட்டிருப்பதால் மாண்டூ குழப்பலாம், இக்ரா குழப்பாது. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு இரண்டுமே பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதனால் பரிசோதனையைவிடப் பெரிய துப்பு உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்: வீட்டில், பக்கத்து வீட்டில், டியூஷன் வாத்தியாருக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு, கூட்டுக்குடும்பத்தில் தங்கியிருந்த மாமாவுக்கு யாருக்காவது காசநோய் இருந்ததா? நம்மவர்கள் இதை மறைப்பது வழக்கம். “மாமாவுக்கு நெஞ்சுச் சளி” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மாமா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாரா என்று நேராகக் கேளுங்கள். சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் ஐசோனியாசிட் போன்ற மருந்தைச் சில மாதம் கொடுப்பார்கள்; சுமார் ஒரு மாதம் அது ஓடிய பிறகு பயோலாஜிக் தொடங்கலாம். கதவு மூடப்படுவதில்லை, கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹெப்பாட்டிட்டிஸ் பி-யும் பார்ப்பார்கள். பிறகு தடுப்பூசி. வலுக்குறைத்த உயிர்க்கிருமி கொண்ட தடுப்பூசிகளை பயோலாஜிக் எடுக்கும்போது டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் இந்த வகை. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: முதலாம் ஆண்டில், பிள்ளைக்கு 7 வயதாகும்போது, பள்ளிக்கே தாதியர் வந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுவார்கள். சம்மதப் பாரம் புத்தகப்பையில் வரும். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். படிவத்தில் மருந்தின் பெயரை எழுதி, வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 13 வயதில் போடும் எச்பிவி ஊசியும், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசியும் உயிர்க்கிருமி இல்லாதவை. அவற்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

படி 6: வீட்டில் ஊசி போடுதல்

எட்டனர்செப்ட் வழக்கமாக வாரம் ஒரு முறை, எடைக்கு கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் வீதம், 50 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை; 30 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 40 மில்லிகிராம், அதற்குக் கீழே குறைவு. டோசிலிசுமாப்பை மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றுவார்கள், தோலடி ஊசியாகவும் கிடைக்கிறது. பிள்ளை வளர வளர அளவு மாறும். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டு நல்லது. பின்சுவரை ஒட்டிவைத்தால் உறைந்துபோகும், உறைந்ததைக் குப்பையில்தான் போட வேண்டும். கதவுத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு முறை மிலோ டின்னை எடுக்கும்போதும் சூடேறும். தீபாவளிக்கு ஈப்போ போகும்போது பனிப்பையோடு கூடிய சின்னப் பெட்டியில், மருந்து பனிப்பையை நேராகத் தொடாதபடி துணி சுற்றி எடுத்துப்போங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பத்து நிமிடம்கூட விடாதீர்கள். ‘அறை வெப்பத்தில் சில நாள் தாங்கும்’ என்று தாளில் போட்டிருப்பது 25 டிகிரி அறைக்கு. மின்விசிறி மட்டும் ஓடும் நம் வீட்டுக்கல்ல.

போடும் நாளில் அரை மணி நேரம் முன்னதாக எடுத்து மேசைமேல் வைத்துவிடுங்கள். குளிர்ந்த மருந்துதான் அதிகம் எரியும். சிட்ரேட் சேர்க்காத அடாலிமுமாப் கிடைத்தால் எரிச்சல் குறைவு, மருந்தகத்தில் கேட்டுப்பாருங்கள். தொடையின் முன்பக்கம் அல்லது தொப்புளை விட்டுச் சற்றுத் தள்ளி வயிறு. போன தடவை வலத் தொடை என்றால் இந்தத் தடவை இடத் தொடை. தோலைத் துடைத்துக் காயவிட வேண்டும், ஈரம் இருந்தால் ஊசி நுழையும்போது சுரீரென்று இருக்கும். ஊசிப் பேனாவை அழுத்தியதும் ‘டிக்’ சத்தம் கேட்கும், சின்ன ஜன்னலில் நிறம் மாறும்வரை எடுக்கக் கூடாது. எடுத்தபின் தேய்க்கவும் கூடாது. எந்தக் கால், என்ன பாட்டு ஓட வேண்டும், அம்மாவா அப்பாவா போடுவது என்ற மூன்றையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். போடுவதா வேண்டாமா என்பது மட்டும் பேரத்துக்கு இல்லை.

போட்ட இடம் ஓரிரு நாள் சிவந்து அரிக்கலாம். முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். காலியான பேனாவைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

படி 7: காய்ச்சல் வந்தால்

38 டிகிரியைத் தாண்டினால் அடுத்த ஊசியைப் போடாமல் கிளினிக்கை அழையுங்கள். காய்ச்சலுக்கு நடுவே ஊசி போடுவதைவிட ஒரு வாரம் தள்ளிப்போடுவது மேல்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. சிலாங்கூரில் காய்ச்சல் என்றால் டிங்கி இல்லை என்று தெரியும்வரை டிங்கிதான். மூட்டு வலிக்காக இபுபுரொஃபனோ நப்ரொக்சனோ சாப்பிடும் பிள்ளைக்கு டிங்கியும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அதனால் காய்ச்சல் கண்ட உடனே அந்த வலி மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, ரத்தத் தட்டணுவைப் பார்த்துவிடுங்கள். எந்தப் பேனல் கிளினிக்குக்குப் போனாலும் பயோலாஜிக்கின் பெயர், கடைசி ஊசி போட்ட தேதி, நிபுணரின் கிளினிக் எண் மூன்றும் எழுதிய ஓர் அட்டையை முதலில் மேசைமேல் வையுங்கள். ஏனென்றால் டோசிலிசுமாப் எடுக்கும் பிள்ளைக்குக் கிருமித்தொற்று முற்றியிருந்தாலும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்த அளவும் கூடாமலே இருக்கும். மருந்து அதைத்தான் அடக்கிவைத்திருக்கிறது. ரத்த முடிவைப் பார்த்து “எல்லாம் நார்மல்” என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டால், பிள்ளை துவண்டு கிடப்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

சாதாரணச் சளி, இருமல் வந்து போகும். அதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் பூட்டிவைப்பது தேவையில்லை. வகுப்பில் யாருக்காவது சின்னம்மை என்றால் மட்டும் அன்றே டாக்டரை அழையுங்கள். கோப்பிக் கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், முழுதாக வெந்தது கொடுங்கள். வீட்டுக்கு வரும் கறந்த பால் நன்றாகக் கொதிக்கட்டும். வெள்ளமும் சேறும் இன்னொன்று. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமியும், மலேசிய மண்ணில் வாழும் மெலியோடோசிஸ் கிருமியும் இருக்கலாம். 2010-இல் பகாங்கின் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் தேடுதல் பணிக்குப் போனவர்களில் சிலர் இந்தத் தொற்றுகளால் இறந்தார்கள். வீட்டைக் கழுவும் வேலையில் இந்தப் பிள்ளையை இறக்காதீர்கள். காலில் புண் இருக்கும்போது நீர்வீழ்ச்சிக் குளியலும் வேண்டாம்.

படி 8: கண்

மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கண்ணின் உட்பகுதி அழற்சியடையும். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. பிள்ளைக்கே தெரியாமல் பார்வை தேயும். ஸ்லிட் லாம்ப் கருவியில் கண் டாக்டர் பார்த்தால்தான் தெரியும். ஆபத்து அதிகமுள்ள வகையினருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை படிப்பது இதற்கு ஈடாகாது. எட்டனர்செப்ட் கண்ணைக் காப்பதில்லை. அடாலிமுமாப் காக்கும்: 2017-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் மெத்தோட்ரெக்சேட்டோடு அதைச் சேர்த்த பிள்ளைகளில் 27 சதவீதத்தினருக்குச் சிகிச்சை தோற்றது, சேர்க்காதவர்களில் 60 சதவீதத்தினருக்கு. கண்ணிலும் நோய் இருந்தால் ஊசியின் பெயர் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

படி 9: புற்றுநோய்க் கேள்வி

2009-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், டிஎன்எஃப்பை மறிக்கும் மருந்து எடுத்த பிள்ளைகளிடமும் இளையோரிடமும் புற்றுநோய்கள், முக்கியமாக லிம்ஃபோமா, கண்டதாகக் கட்டம் கட்டிய எச்சரிக்கை விடுத்தது. கைப்பேசியில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். அந்தப் பிள்ளைகளில் பலர் வேறு எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகளும் எடுத்தவர்கள். மூட்டுவாதம் அல்லாத குடல் நோய்க்காரர்களும் அதில் உண்டு. பிறகு 2012-இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருந்து எதுவாக இருந்தாலும் இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கே புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்று தெரிந்தது. டிஎன்எஃப் மருந்து அதை மேலும் கூட்டியதாகத் தெளிவாகத் தென்படவில்லை. அதே பதிவுகளில் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான கிருமித்தொற்றைப் பார்த்தபோது, மெத்தோட்ரெக்சேட்டைவிட டிஎன்எஃப் மருந்து மோசமில்லை. நாளுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஸ்டீராய்டு எடுப்பதுதான் ஆபத்தைக் கூட்டியது. எச்சரிக்கை மருந்துத் தாளில் இன்றும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காரணம் தெரியாத கட்டி, இரவு வியர்வை, எடை குறைதல் என்றால் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்டு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே பிள்ளையை ஓட்டுவது, சின்ன ஆபத்துக்குப் பயந்து பெரியதைத் தேடிப்போவதுதான்.

படி 10: காசு

அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக் கட்டணம் குடிமக்களுக்கு 5 ரிங்கிட். ஊசியின் விலையோ மாதம் ஆயிரம் ரிங்கிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். மருத்துவமனையின் ஒதுக்கீட்டுக்குள் நிபுணரின் ஒப்புதலோடுதான் கிடைக்கும், ஆகவே காத்திருப்பும் உண்டு. தாமதமானால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவைக் கேட்டு, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பியுங்கள். சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், நிபுணரின் கடிதம் மூன்றையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். இன்ஷூரன்ஸ் மெடிக்கல் கார்டு வெளிநோயாளி ஊசிக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. பயோசிமிலர் என்ற மலிவான இணைமருந்தைக் கொடுத்தால் தரக்குறைவு என்று நினைக்காதீர்கள். மூல மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்துத்தான் பதிவு செய்கிறார்கள். எந்த நிறுவனத்தின் பெயர் என்பதை மட்டும் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். மலேசிய ஆர்த்ரிட்டிஸ் அறக்கட்டளையிடம் கையேடுகள் கிடைக்கும்.

படி 11: எப்போது நிறுத்துவது

மூட்டு அடங்கி, ரத்தமும் கண்ணும் சுத்தமாகி, குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடமாவது அப்படியே நீடித்த பிறகுதான் டாக்டர்கள் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். இடைவெளியைக் கூட்டிக் கூட்டி நிறுத்துவோரும் உண்டு. “பிள்ளை நல்லா ஓடுறான், இனி எதுக்கு ஊசி?” என்று நீங்களாக நிறுத்தினால், அவன் ஓடுவதற்குக் காரணமே ஊசி என்பது சில வாரத்தில் தெரிந்துவிடும். முறையாக நிறுத்தினாலும் கணிசமான பிள்ளைகளுக்கு நோய் திரும்புகிறது. திரும்பினால் பெரும்பாலும் அதே மருந்து மறுபடி கைகொடுக்கும். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனையை மீண்டும் கேளுங்கள், இடையில் வீட்டுக்கு யார் வந்து தங்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள். கண் டாக்டரின் தேதிகளை ஊசி நின்ற பிறகும் விடாதீர்கள். மருந்து நின்ற அடுத்த மாதங்களில்தான் கண் அழற்சி சத்தமில்லாமல் திரும்புவது அதிகம்.